பணியாரக் காது

விடிகாலையில் குஸ்திக் கோதாவில் புரண்டுவிட்டு, ஒன்பது மணிக்கு வெள்ளைச் சட்டையில் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் உட்கார வேண்டும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் செம்மண் நிற்கும். கழுத்துப் பிடிகளில் நசுங்கி நசுங்கி இடது காது பணியாரமாய் உப்பியிருந்தது. வெளிநாட்டுக் கேப்டன்கள் வரும் நாளில் மேனேஜர் என்னைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்.

"பாக்கிறவன் ரவுடின்னு நெனச்சிருவான் வே."

இருந்த உடம்பு வலியில் எனக்கு அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று உப்பு மூட்டை ஏற்றுகிறவர்கள் திரண்டு வந்தார்கள். மேனேஜர் அவசரமாக என் நாற்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டார்.

"காது தெரியுத மாதிரி உக்காரும் வே."

கூட்டத்தின் முன்னால் வந்த மேஸ்திரிக்கும் அதே பணியாரக் காது. அன்று காலையில்தான் கோதாவில் அவரிடம் மல்லாந்து விழுந்திருந்தேன். அவர் என் வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, ஒன்னையா எங்கள மறிக்க உக்கார வச்சிருக்காவ?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

யாரும் சொல்லாமலே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போனேன்.