காக்கா தேடியெடுத்த ஸ்டேரிங் ராக்

எங்கள் மூத்த சகோதரர் காக்கா அல்லாஹ்விடம் மீண்டு ஓராண்டு நிறைகிற இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! உங்களில் பாதிப்பேர் எனக்கும் அவருக்கும் நடந்த அந்தக் கார்ச் சண்டையில் காக்காவின் பக்கம் நின்றவர்கள். மீதிப்பேர் என் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, நான் சொன்னதையெல்லாம் அவரிடம் போய் ஒப்புவித்தவர்கள். எனக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டுமென்று மதினி சொன்னபோது மறுக்க முடியவில்லை.

காக்கா அவர்கள் கல்முனையில், ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். வாப்பா மௌத்தாகிக் குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்தபோது காக்காவுக்கு மீசைகூட முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சம்மாந்துறையில் உழவு இயந்திரம் திருத்தும் கராஜ் ஒன்றில் சேர்ந்தார். பிறகு கட்டாருக்குப் போனார். அங்கேயும் கராஜ்தான். என் மூத்த சகோதரிகளான ராத்தாமார் இருவரின் கலியாணமும் எனது படிப்பும் அவர் கையால் நடந்தவை. தனக்கென்று அவர் ஆசைப்பட்டது அந்தக் கார் ஒன்றுக்குத்தான்.

அதைப் பெட்டி பெட்டியாக ஊருக்குக் கொண்டுவந்தார். கிட் கார் என்றால் அடிச்சட்டமும் உடலும் தனித்தனியே வரும்; மற்றச் சாமான்களைத் தேடிப் பொருத்திப் பூட்டுவது வாங்கியவர் பாடு. என் நெல் ஆலையின் பின்பக்கத்தில் இருவருமாகச் சிரித்துச் சிரித்துத்தான் பூட்டினோம். ஸ்டேரிங் ராக்கில் வந்து சிக்கினோம். ஸ்டேரிங்கைச் சுற்றும்போது முன்சில்லுகளை, அதாவது முன்சக்கரங்களை, இடமும் வலமும் இழுக்கிற தண்டு அது. காக்கா எடுத்து வைத்திருந்த ராக்கில், ஸ்டேரிங்கை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும்.

"இது காரா, கிணத்துக் கப்பியா? ரெண்டர சுத்து ராக் போடுவம்" என்றேன்.

"சுத்து எத்தினையெண்டு பொறகு பாப்பம். நீளத்தப் பாரு தம்பி. ராக்குட நீளம் சட்டத்துக்குச் சரிவரல்லெண்டா, பள்ளத்துல எறங்கக்குள்ள சில்லு தன்ட பாட்டுல திரும்பும்."

"உங்களுக்கு வயசு போயிட்டு காக்கா. பயம் வந்துட்டு."

நெஞ்சு வருத்தத்துக்கு மருந்தெடுக்க அவர் கிளினிக் போன நாளில், இரண்டரைச் சுற்று ராக்கை வாங்கி நானே பூட்டிவிட்டேன். சட்டத்துக்கு வேண்டியதைவிட அது இரண்டு அங்குலம் நீளம் கூட. இரண்டு அங்குலம் என்ன பெரிசாகச் செய்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் அவரைப் பக்கத்தில் இருத்தி, வீரமுனைப் பக்கம் வாய்க்கால் றோட்டில் ஓட்டினேன். முதல் பள்ளத்தில் சில்லு இறங்கியது. நான் ஸ்டேரிங்கை அசைக்கவேயில்லை. கார் தானாகத் திரும்பி, கதிர் வரவிருந்த வயலுக்குள் போய் நின்றது.

"நான் சொன்னனே" என்று காக்கா ஏசியிருந்தால் பொறுத்திருப்பேன். "கை கால் சுகமாடா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எல்லாம் உங்கட சட்டத்துல உள்ள பிழை!" என்று கத்திவிட்டு, அந்த நெஞ்சு வருத்தக்காரரைச் சேற்றில் விட்டு வீட்டுக்கு நடந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

மூன்று மாதம் அவரோடு கதைக்கவில்லை. பெருநாள் தொழுகையில் அவர் ஸலாம் சொன்னார். நான் வாய்க்குள் முணுமுணுத்தேன். பிறகு ஒருநாள் அவருடைய மகள் வந்து நின்றாள். "சாச்சா, வாப்பா உங்கள வரட்டாம்."

போனேன். கார் கழுவித் துடைத்து நின்றது. ஸ்டேரிங்கைச் சுற்றிப் பார்த்தேன். மூன்று சுற்றுக்கும் குறைவு. குனிந்து ராக்கை அளந்தேன். நீளமும் சட்டத்துக்கு அச்சொட்டாகச் சரி. அவருக்கென்றால் அந்த நான்கு சுற்றே போதுமாயிருந்தது.

"அளவுக் கம்பியொண்டத் தூக்கிட்டு பஸ்ஸில ஊர் ஊராப் பழைய சாமான் கடையெல்லாம் போனாரு" என்றார் மதினி. "நீளமும் சரிவரணுமாம், தம்பிட கைக்குச் சுறுக்காவும் இருக்கணுமாம். சொன்னாக் கேக்கிற மனிசனா?"

அன்றே அதே வாய்க்கால் றோட்டுக்குப் போனோம். அதே பள்ளத்தில் இறங்கி ஏறியது கார். நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. பிழை என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு கதை.

"றோட்டத் திருத்திட்டானுகள் போல, காக்கா."

இருமல் வரும்வரை சிரித்தார். "ஓம் ஓம். வடிவாத் திருத்தியிருக்கானுகள்."

அதன்பின் வெள்ளிக்கிழமை மாலைகளில் அஸர் தொழுதுவிட்டு ஒலுவில் துறைமுகம் வரை போய்வந்தோம். போகும்போது நான் ஓட்டுவேன், வரும்போது அவர். அவருடைய கடைசி மாதங்கள் அப்படிச் சந்தோஷமாகக் கழிந்தன, அல்ஹம்துலில்லாஹ். ஒருநாள் அதிகாலை ஸுபஹ் தொழுதுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. இப்போது காரை ஓட்டுவது மகள்தான். தாயைப் பக்கத்தில் இருத்திச் சந்தைக்குப் போகிறாள். என்னைவிட நிதானமாக ஓட்டுகிறாள்.

காக்காவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், துஆச் செய்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தன் வயல் நாசமானதற்கு ஒரு சொல்லும் சொல்லாமல், உழவு இயந்திரத்தால் காரை இழுத்தெடுத்து, நான் விட்டுவந்த காக்காவை வீடு சேர்த்த வீரமுனை வயல்கார அண்ணனுக்கு என் தனிப்பட்ட நன்றி.

இனிச் சொல்ல ஒன்றுதான் பாக்கி. காக்கா, அந்த றோட்டை ஒருவரும் திருத்தவில்லை. பள்ளம் அப்படியே கிடக்கிறது.