கிழக்குப் பார்த்த வெள்ளை

லண்டனில் வெள்ளைப் பெயின்ற் வாங்கப் போனால், முதலில் நம்மைத்தான் விசாரிக்கிறார்கள். ஹரோவில் நான் போன கடையில் வெள்ளைக்கு மட்டும் ஒரு சுவர் நிறைய அட்டைகள். பால், எலும்பு, வெண்கட்டி, ஆட்டுரோமம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கடைக்காரப் பெண்மணி கேட்டார்: "உங்கள் அறை எந்தத் திசையைப் பார்த்தது?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. இங்கிலாந்துக்காரி வாஸ்து கேட்கிறார்! "கிழக்கு" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தால் போதும் என்பதுதான் பேச்சு. ஆனாலும் வாசல் தெற்கு என்பதற்காகவே இரண்டு நல்ல வீடுகளை விட்டுவிட்டுத்தான் இந்தக் கிழக்கு வாசல் வீட்டைச் சொந்தமாக வாங்கினோம். ஏஜெண்டிடம் சமையலறை சின்னது என்று புளுகியவன் நான். "கிழக்கா? காலை வெயில் நன்றாக வருமே" என்றார் கடைக்காரப் பெண்மணி. "எல்லாம் ஆண்டவர் கிருபை" என்றேன். ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, காலை வெயிலுக்குத் தோதான, நீலச் சாயல் கலந்த வெள்ளையில் மூன்று வாளி எடுத்து வைத்தார்.

இங்கே என் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். ஜேர்மனியில் எட்டு வருடம் நான் பெயின்ரர். ஆனால் எந்த வெள்ளை என்று தீர்மானித்தது எப்போதும் முதலாளி. நான் வாளியைத் திறப்பேன், பூசுவேன், அடுத்த வீட்டுக்குப் போவேன். அந்தத் துணிச்சலில்தான் மனைவி ஜெசிந்தாவிடம், "கலர் அலுவலை என்னட்டை விடும்" என்று வாயை விட்டேன். அவளோ, அங்கேயும் இங்கேயுமாகப் பத்தொன்பது வருடம், வாடகை வீட்டுக்காரர்கள் பூசிவைத்த மங்கல் கிறீமுக்குள் குடித்தனம் நடத்தியவள். ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சனிக்கிழமை ஃபாதர் வரேக்கை என்ரை ஹோல் பளிச்செண்டு இருக்கவேணும்."

வாசலைத் திறந்ததும் வரும் அந்த முன் ஹோலை வியாழன் பின்னேரம் பூசி முடித்தேன். ஜெசிந்தா வந்து நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இது ஆசுப்பத்திரிச் சுவரெல்லே?"

"கொஞ்சம் பொறும். காய வெளுக்கும்."

"காயிறது சுவரோ, நானோ?"

சுவர் காய்ந்தது. வெளுக்கவில்லை, சாம்பல் பூத்தது. வெள்ளி காலை கடை திறக்கும்போதே போய் நின்று, போனில் படத்தைக் காட்டினேன்.

"யன்னல் எந்தப் பக்கம்?" என்றார் பெண்மணி.

"வடக்கு. வாசல்தான் கிழக்கு."

"அறைக்கு வெளிச்சம் வாசலாலா வருகிறது?"

அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் ஊரில் வெளிச்சத்தை யாரும் தேடிப்போவதில்லை. மத்தியானத்தில் அதை வெளியே நிறுத்தி வைப்பதுதான் பாடு. யன்னல் காற்றுக்கு. வீடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்றால் வாசலைச் சொல்வோம். இங்கே வெளிச்சம் விருந்தாளி மாதிரி. எந்த யன்னலால் வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று பார்த்துத்தான் சுவருக்கு நிறம். ஐரோப்பாவில் எட்டு வருடம் சுவரோடு சுவராய் நின்றவனுக்கு இது தெரியாமல் போனது. என் கண் வாளிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

வடக்கு அறைக்கென்று மஞ்சள் சாயல் வெள்ளை வாங்கிவந்து, இருவருமாகப் பூசினோம். மூன்று சுவர் முடிய வாளியும் முடிந்தது. அளவும் என் பிழைதான். கடை பூட்டியாயிற்று. மிஞ்சியது, வாசலுக்கு நேரெதிரே இருக்கும் சுவர்.

"விடுங்கோ" என்றாள் ஜெசிந்தா, மூக்கு நுனியில் பெயின்ற்றோடு. "அது கிழக்கைத்தானே பாக்குது."

சனிக்கிழமை ஃபாதர் தீர்த்தம் தெளித்தபடி வந்து, அந்த இடத்தில் நின்றார். "இது மட்டும் ஏன் வேறை நிறம்?"

"அது இவரின்ரை சுவர், ஃபாதர். கொஞ்சம் கூடத் தெளியுங்கோ" என்றாள் ஜெசிந்தா.

அதை இன்னும் மாற்றவில்லை. நாள் முழுதும் சாம்பலாகவே நிற்கிறது. வெயில் உள்ள காலைகளில் மட்டும், வேலைக்குப் போக வாசலைத் திறந்தால், வெளிச்சம் ஒரு கதவு அகலத்துக்கு நீண்டு வந்து அதில் விழும். அந்த அகலத்துக்குள் மட்டும் வெள்ளை, அட்டையில் பார்த்த அதே வெள்ளை. ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"கதவைச் சாத்துங்கோ, குளிரெல்லே வருது!"

சாத்துகிறேன். சுவர் மறுபடி வடக்காகிவிடுகிறது.