படகில் கிடந்த திருநீறு

அசோகன் தன் வாழ்நாளில் மனைவியைக் கேட்காமல் செய்த பெரிய காரியங்கள் இரண்டு. ஒன்று, அவளைக் கலியாணம் செய்தது. அது பெரியவர்கள் பேசி முடித்தது. அவரையும் ஒருவரும் கேட்கவில்லை. மற்றது, படகு வாங்கியது. முதலாவதைக் குணேஸ்வரி எப்போதோ மன்னித்துவிட்டாள். இரண்டாவது இன்னும் விசாரணையில் இருந்தது.

ஜேர்மனியில் பீலெஃபெல்ட் நகரில் ஒரு பெரிய வெதுப்பகத்தில் இருபத்தெட்டு வருடமாக மாப் பிசைந்து பாண் போடுகிறவர் அவர். ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதில் பள்ளிக்கூடத்துக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. குளிக்காமல் தண்ணீர் குடிக்கமாட்டார், திருநீறு பூசாமல் வெளியே இறங்கமாட்டார். இப்படிப்பட்ட மனிதனுக்குப் படகு எதற்கு என்று யாரும் கேட்கலாம். மின்டன் பக்கம் கால்வாய் ஓரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓடினார். விற்பனைக்கு என்று அட்டை தொங்கிய படகொன்று நின்றது. போகும்போது பார்த்தார். திரும்பி வரும்போதும் பார்த்தார். மூன்றாம் தரம் பார்ப்பதற்காகவே மறுபடி திரும்பிப் போனார்.

இங்கிலாந்தின் ஒடுங்கிய கால்வாய்களுக்கென்று இரும்பில் கட்டிய படகு அது. பதினான்கு மீற்றர் நீளம், அகலமோ இரண்டு மீற்றரைக் கொஞ்சம் தாண்டும். உள்ளே ஓர் அடுப்பு, உட்கார ஒரு நீள வாங்கு, ஒரு கட்டில். புகைவண்டிப் பெட்டி ஒன்று வழிதவறித் தண்ணீருக்குள் இறங்கியது போல இருந்தது. விற்பவர் வேபர் என்பவர். மோட்டார் சிறியது, இதை ஓட்டச் சோதனை எதுவும் எழுதத் தேவையில்லை என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் அசோகன் விழுந்துவிட்டார். கார் லைசென்சை நாலாம் தரம் எழுதித்தான் எடுத்தவர் அவர். சோதனை இல்லாமல் ஓட்டக்கூடிய வாகனம் ஒன்றைக் கடவுள் படைத்திருக்கிறார் என்றால், அது தனக்காகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

படகை வாங்கிய கையோடு கோயில் வழக்கப்படி செய்யவேண்டியதைச் செய்தார். கார் என்றால் நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து நசுக்கலாம். படகுக்கு எங்கே வைப்பது? நாலையும் நாலு மூலையில் தண்ணீரில் போட்டார். தாராக்கள் வந்து கொத்திப் பார்த்துவிட்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தன.

வீட்டில் குணேஸ்வரி எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதுக்குள்ள ஆரும் செத்தவையோ?"

அசோகன் வேபரிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தார், அடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தார், கக்கூசைக்கூட இழுத்துப் பார்த்தார். இதை மட்டும் கேட்கவில்லை. ஊரில் பழைய வீடு வாங்குகிறவன் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

"ஆர் இருந்தது, என்ன நடந்தது எண்டு தெரியாமல் நான் அதில கால் வைக்கமாட்டன். நீங்கள் வேணுமெண்டால் தனியப் போய் ஓடுங்கோ."

தனியாக ஓடுவதற்கா படகு? இருபத்தெட்டு வருடமாக அவர் வேலைக்குப் போகும்போது அவள் நித்திரை, அவள் துப்புரவு வேலையால் வரும்போது அவர் நித்திரை. பிள்ளையும் வளர்ந்துவிட்டாள். இனியாவது ஒரு ஞாயிறு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம் என்பதுதான் மனதில் இருந்த கணக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். சொல்லத் தெரியாததற்காகப் பதினான்கு மீற்றர் இரும்பை வாங்கியவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஆகவே படகின் பூர்வீகத்தைத் தேடப் புறப்பட்டார். வேபருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடம் வைத்திருந்தாராம், ஒரு தரகரிடம் வாங்கினாராம். அசோகன் படகின் பக்கவாட்டில் பெயின்ரைச் சுரண்டிப் பார்த்தார். நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே இரும்பு. வரலாறு அவ்வளவுதான். பிறகு ஒரு கிழமை அந்த இடத்துக்குப் பெயின்ற் அடித்தார். மகள் சுபானிதான், காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளை, படகோடு வந்த பழைய கடதாசிக் கட்டைப் பிரித்துப் படித்தாள். அதில் ஓர் இடத்தில் லூட்மன் என்ற பெயரும் மின்டன் விலாசமும் இருந்தன. சுபானி ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை.

அடுத்த கிழமை உள்ளே கழுவும்போது, வாங்குக்கு அடியில் பலகைக்குப் பின்னால் ஒரு பச்சைத் தகரப் பேணி கிடைத்தது. தேயிலைப் பேணி. திறந்தார். உள்ளே ஒரு வெள்ளைத் துணிப் பை, பைக்குள் சாம்பல் வெள்ளையில் நீறு.

அசோகனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேணியை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றினார். ஐந்தாம் வகுப்புப் படித்த மூளை அன்று பேராசிரியர் வேகத்தில் வேலை செய்தது. திருநீறு இருந்தால் பூசியவன் இருந்திருக்கவேண்டும். பூசியவன் இருந்தால் அவன் சைவன். ஆகவே இந்தப் படகு ஒரு சைவனுடையது. லூட்மன் என்கிற பெயர் இடித்தது. அதற்கும் மருந்து இருந்தது: இந்தியாவுக்குப் போய்த் தீட்சை எடுத்த வெள்ளைக்காரனாக இருக்கும். அந்த மனிதனுக்குத் தாடி இருந்தது என்றுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று பின்னேரமே குணேஸ்வரியின் முன்னால் பேணியை வைத்து முழுக் கதையையும் சொன்னார். அவள் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"கொரகொரப்பாக் கிடக்கு. அரிக்காமல் வைச்சிருக்கினம்."

அவளே மெல்லிய துணியால் அரித்தாள். நைசானதைப் பேணியிலேயே போட்டுச் சாமியறையில் வைத்தாள். கப்பியை, வீணாக்கக்கூடாது என்று, யன்னலோரம் நின்ற கறிவேப்பிலைச் சாடிக்குள் போட்டாள். அன்றிலிருந்து இருவரும் காலையில் குளித்து அதைத்தான் பூசினார்கள். அசோகன் மூன்று குறி இழுத்துப் பூசுவார், குணேஸ்வரி ஒரு கீற்று. நாலு கிழமை போனது. கோயிலில் கண்டவர் எல்லோரிடமும் அசோகன் இந்த அதிசயத்தைச் சொன்னார். சிலர் நெற்றியைக் காட்டினார்கள். அவரும் தாராளமாகப் பூசிவிட்டார்.

குணேஸ்வரி இளகினாள். வருகிற ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை லூட்மன் என்ற பெயரில் கடிதம் வந்தது. எழுதியது லூட்மனின் மனைவி. முதியோர் இல்லத்துக்கு மாறிவிட்டபடியால் கடிதம் சுற்றித் திரிந்து வந்து சேர்ந்ததாம். குணேஸ்வரி வேலைக்குப் போயிருந்தாள். சுபானி குசினியில் நின்று வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். படகை வைத்திருந்தது அவருடைய புருஷன். அவர் இறந்தது ஆஸ்பத்திரியில். அசோகனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வரியில் சுபானி நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வாங்குக்குக் கீழ ஒரு பச்சைப் பேணி இருக்கும், விக்கேக்க எடுக்க மறந்திட்டினம், கிடைச்சால் தாங்கோ எண்டு கேக்கிறா. அதுக்குள்ள இருக்கிறது மோரிட்ஸாம்."

"ஆர் மோரிட்ஸ்?"

"அவையின்ர நாய், அப்பா. எரிச்ச சாம்பல்."

அசோகனின் கை நெற்றியை நோக்கிப் போய்ப் பாதி வழியில் நின்றது. தொடுவதா, துடைப்பதா என்று அதற்கே தெரியவில்லை. சுபானி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தவனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நாயை நெற்றியில் பூசிக்கொண்டு படகுக்குச் சகுனம் பார்த்தவன் தான் ஒருவன்தான் என்று நினைத்தார்.

ஞாயிறு வர இன்னும் ஒரு நாள் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் குணேஸ்வரி படகில் ஏறுவாள். ஏறிய பிறகு சொல்லலாம். அல்லது சொல்லாமலே விடலாம். சுபானியிடம் கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டுப் படுத்தார். நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டுச் சாமியறைக்குள் போனார். குணேஸ்வரி பேணியை நீட்டினாள். அதை எடுத்துப் பூச ஏலாது. பூசாமல் நிற்கவும் ஏலாது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன, நெத்தி வெறுமையாக் கிடக்கு?"

முருகனுக்கு முன்னால் பொய் சொல்ல அவருக்கு வராது. எல்லாவற்றையும் சொன்னார். சைவன் ஒருவனும் இல்லை, தாடியும் இல்லை, இது நாய் என்றார். குணேஸ்வரி பேணியை மெதுவாக மூடிக் கீழே வைத்தாள். போய் இன்னொரு தரம் தலையில் முழுகினாள். வந்து, துவாயைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"கோயில்ல எத்தினை பேருக்குப் பூசினீங்கள்?"

"ஏழு. ஐயரோட எட்டு."

அவள் பேணியை ஒரு பட்டுத் துணியில் சுற்றினாள். கறிவேப்பிலைச் சாடியையும் தூக்கச் சொன்னாள். அதற்குள்ளும் கொஞ்சம் மோரிட்ஸ் இருந்தபடியால்.

இருவரும் ரயில் ஏறி முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். ஃபிறாவ் லூட்மனுக்கு, அதாவது கடிதம் எழுதிய திருமதி லூட்மனுக்கு, எண்பத்து மூன்று வயது. முழங்கால் வருத்தத்தோடு யன்னலோரம் இருந்தார். அசோகனுடைய ஜேர்மன் வெதுப்பகத்து ஜேர்மன். சூடு, கவனம், கெதியாய், முடிந்துவிட்டது என்ற நாலு சொல்லில் இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர். அந்தச் சொற்களை வைத்து, நாயை நெற்றியில் பூசிய குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். மோரிட்ஸ் என்றார். காலை, குளியல், சாமி என்றார். தன் நெற்றியில் மூன்று விரலால் இழுத்துக் காட்டினார். பிறகு சாடியைக் காட்டித் தலையைக் குனிந்துகொண்டார்.

கிழவி அவருடைய நெற்றியை உற்றுப் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். குளிச்சுப்போட்டு."

"உயிரோடு இருந்தபோது என் புருஷன் அவனைக் கட்டிலில்கூட ஏறவிட்டதில்லை" என்றார் கிழவி. பேணியை மடியில் வைத்துத் தடவினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்தது. கறிவேப்பிலையில் ஓர் இலையைக் கிள்ளி மணந்து பார்த்துவிட்டு, சாடி உங்களிடமே இருக்கட்டும், இங்கே வெயில் போதாது என்றார்.

குணேஸ்வரிக்கு அசோகனுடையதைவிட நல்ல ஜேர்மன். அவள் இப்போது தன் கேள்வியைக் கேட்டாள். நாய் எங்கே செத்தது? படகில்தான் என்றார் கிழவி. நாலு வருடத்துக்கு முன், அந்த வாங்குக்கு அடியில்.

குணேஸ்வரியின் சட்டப்படி கதை முடிந்தது. திரும்பி வரும்போது ரயிலில் அசோகன் ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தார். நாய் வைரவருடைய வாகனம், ஒருவகையில் பார்த்தால் இது வைரவரே வந்து படகில் இருந்தது போல, என்று தொடங்கினார்.

"உங்களுக்கு வசதியான இடத்தில எல்லாம் சாமியைக் கொண்டுவராதேங்கோ" என்றாள் குணேஸ்வரி.

இரண்டு ஸ்டேஷன் போனது. குணேஸ்வரி வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"அதுக்கு எட்டுச்செலவு செய்தவையோ?"

செத்தவருக்கு எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது ஊர் வழக்கம். ஜேர்மன்காரர் எங்கே செய்வார்கள், அதுவும் நாய்க்கு, என்றார் அசோகன்.

"அப்ப நாலு வருசமா ஒரு வாய் சாப்பாடு ஒருத்தரும் படைக்கேல்லை. ஒரு சீவன் பசியோட கிடக்கிற இடத்தில நான் எப்பிடிக் கால் வைக்கிறது? கிழவியிட்ட கேளுங்கோ, அது என்ன விரும்பித் தின்றது எண்டு. நாளைக்கு வேண்டாம், அடுத்த ஞாயிறு வைச்சுக்கொள்ளுவம்."

ஈரல் சொசேஜ், அவித்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் பால்கட்டி என்று பதில் வந்தது. பன்னிரண்டு வருடமாக முட்டைகூடத் தொடாதவள் குணேஸ்வரி. சொசேஜ் வீட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. ஒரு கிழமை அது சுபானியின் அலுவலகத்துக் குளிர்ப்பெட்டியில், "நாயின் நினைவு நாளுக்கு, தொடவேண்டாம்" என்ற சீட்டோடு இருந்தது.

ஞாயிறு காலை சுபானி கிழவியைக் காரில் கூட்டிவந்து கால்வாய்க் கரையில் மடக்குக் கதிரையில் இருத்தினாள். குணேஸ்வரி வாழையிலையில் சோறும் கிழங்கும் பால்கட்டியும் வைத்திருந்தாள். நடுவில் சொசேஜ். அதை ஒரு நீளக் கரண்டியால், முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தாள். தான் கொண்டுபோய்ப் படைக்கிறேன் என்று அசோகன் கை நீட்டினார்.

"நீங்கள் படைச்சால் பாதியை மறந்துபோடுவியள். தள்ளுங்கோ."

இலையைத் தானே ஏந்திக்கொண்டு, செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுப் படகில் ஏறினாள். படகு இலேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது. அசோகன் பின்னாலே குனிந்து போனார். குணேஸ்வரி வாங்குக்கு முன்னால் முழந்தாளிட்டு இலையை விரித்தாள், கற்பூரம் கொளுத்தினாள், நிதானமாகக் கும்பிட்டாள். பிறகு எழும்பி அதே வாங்கில் இருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இந்தத் திரைச்சீலையை ஆர் தெரிஞ்செடுத்தது? ஆஸ்பத்திரி போலக் கிடக்கு."

தான்தான் என்று ஒப்புக்கொள்ள அசோகனுக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார். கொஞ்சம் ஓடட்டுமோ என்று கேட்டார். இருந்து பார்க்கிறேன் என்றாள். அவர் வெளியே ஓடி முன் கயிற்றை அவிழ்த்தார், மோட்டாரை முடுக்கினார். மோட்டார் இரைந்தது, தண்ணீர் கொந்தளித்தது, படகு நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் முடுக்கினார். கரையில் கிழவி கைத்தடியை உயர்த்தி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். பின் கயிறு கட்டியபடியே இருந்தது.