மூன்று விசில்

ஜப்பான்காரன் வருவதற்கு ரொம்ப முன்னால், மலாயாவில் கிள்ளானிலிருந்து கடலோரமாகப் போகும் ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனில் எங்களுக்குக் குவாட்டர்ஸ். ஒரு பலகைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, பின்னால் கடல். வெள்ளைக்காரத் துரைசானிகள் ரயில் ஜன்னலில் தலையை நீட்டி அழகு, அழகு என்று மாய்ந்துபோவார்கள். அழகாம் அழகு! அந்தக் கொசுக்கடியில் ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும்.

என் வீட்டுக்காரர் அந்த ரயிலில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் அதே இன்ஜினுக்கு டிரைவர். சாயங்காலம் வண்டி வளைவில் திரும்பும்போது டிரைவர் குட்டையாக இரண்டு விசில் அடிப்பார். 'வந்துட்டேன், உலை வை' என்று அர்த்தம். இன்ஜினை ஷெட்டில் விட்டு வருவதற்குள் சோறு வெந்துவிடும். விசில் கேட்டதும் அந்த அக்கா வாசலுக்கு வந்து, "எங்க வீட்டுக்காரர் கூப்பிடுறாரு தங்கச்சி" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். ஊரே கேட்கும்படி அவளுக்கு மட்டும் விசில்! எனக்கு வயிறு பற்றி எரியும். அவளுடைய நகையைப் பார்த்துக்கூட நான் அப்படி எரிந்ததில்லை.

"எனக்கும் ஒண்ணு அடிக்கச் சொல்லுங்களேன்" என்று இவரிடம் கேட்டேன்.

"விசில் கயிறு டிரைவர் கையில இருக்கு புள்ள. எனக்குக் கரிதான். ஒரே இன்ஜின்லதானே வரோம்? அந்த ரெண்டு விசிலுக்கே நீயும் உலை வையேன்."

அவள் விசிலுக்கு நான் உலை வைப்பதா? செத்தாலும் மாட்டேன். இவர் வாசலில் கால் கழுவிய பிறகுதான் அரிசியே களைவேன். பசியோடு வந்த மனுஷன் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். பாவம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை.

ஒரு நாள் அந்த இரண்டு விசிலுக்குப் பிறகு, நீளமாக மூன்று விசில் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலை வைத்தேன், நெத்திலி வறுத்தேன், தலை வாரிப் பூ வைத்துக்கொண்டேன். அவர் வந்ததும், "எனக்குத்தானே அந்த மூணு?" என்று கேட்டேன்.

அவர் ஆவி பறக்கும் சோற்றைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கிணற்றடியில் அந்த அக்காவிடம் பெருமையடித்தேன். அவள் சிரித்த சிரிப்பில் வாளி கையிலிருந்து நழுவியது. "ஐயோ தங்கச்சி! மலாய்க்காரங்க கம்பத்து எருமை தண்டவாளத்துல படுத்துக்கிச்சாம். அதை விரட்ட அடிச்ச விசிலு அது!"

எருமைக்கு அடித்த விசிலுக்கு நான் பூ வைத்திருக்கிறேன்! வேலைக்குக் கிளம்பியவரை வாசலிலேயே மடக்கினேன். "ஏன் பொய் சொன்னீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "பசிச்சுது புள்ள" என்றார்.

அன்று சாயங்காலம் வளைவில் இரண்டு விசில். பக்கத்து வீட்டு வாசலில் பல் தெரிந்தது. பிறகு நீளமாக மூன்று. பல் மறைந்தது. நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. நேற்று ஏமாந்தது போதும் என்று ஸ்டேஷனுக்கு ஓடித் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

ஓர் எருமைகூட இல்லை. வந்துகொண்டிருந்த இன்ஜினில் டிரைவர் ஒதுங்கி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். விசில் கயிறு என் வீட்டுக்காரர் கையில் இருந்தது.

ஐயையோ, உலை வைக்கவில்லையே!