என் தம்பி பார்சலும் வானிலை பார்க்கும் பெட்டியும்

பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று என் தம்பிக்கு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் தெருவுக்கே அவன் 'பார்சல்'. செடி வாங்க வருகிறவர்களைவிட கூரியர்காரர்தான் அவன் நர்சரிக்கு அதிகம் வருவார். எதை வாங்கினாலும் அது கடல் தாண்டி வந்திருக்க வேண்டும். இடது கைக்காரர்களுக்கென்று எங்கேயோ செய்த கத்தரிக்கோலை வரவழைத்து, வலது கையால் அதைப் பிடித்து, ஒரு கிளையைக்கூட ஒழுங்காக வெட்ட முடியாமல், "தரத்தைப் பாத்தியாக்கா" என்பான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நான் அவனுக்கு மூத்தவள், தையல்காரி. அவன் நர்சரிக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். மெஷினை மிதித்தபடியே அவன் கூத்தையெல்லாம் டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம்.

கூத்து ஒருபுறம் இருக்கட்டும், செடிகளை அவன் வைத்திருக்கும் அழகைக் குறை சொல்ல முடியாது. பச்சை நிழல்வலைக்குக் கீழே கறுப்புப் பைகளில் ரோஜா, குரோட்டன்ஸ், செம்பருத்தி என்று வரிசை பிசகாமல் நிற்கும். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். ஒரு நாள் விட்டால் சின்னக் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டுவிடும். அதனால் கல்யாணமான நாள் முதல் அவனும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல ஓர் ஊருக்கும் போனதில்லை. யாராவது ஒருவர் கையில் ரப்பர் குழாய் இருந்தாக வேண்டும். மகளைத் தொலைவான ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோதும் தம்பி பெண்டாட்டிதான் தனியாகப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள். இவன் பேத்தியைப் போனில் பார்த்ததோடு சரி.

வந்த அன்றே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "குழந்தை நடக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் சேர்ந்து போறோம். இல்லைன்னா நான் இனிமே எந்த ஊருக்கும் போகலை." அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. சொன்னால் சொன்னதுதான். அது பார்சலுக்கும் தெரியும்.

வேறு ஒருவனாக இருந்தால் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளைத் தேடியிருப்பான். இவன் பெட்டியைத் தேடினான். வானிலையைத் தானே பார்த்து, குழாயைத் தானே திறந்து, தானே மூடும் பெட்டியாம். அட்டையின் மேல் ஒரு வெள்ளைக்காரி புல்வெளியில் நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். "இனி நாமளும் இப்படித்தான்" என்று பெண்டாட்டியிடம் காட்டினான். அவள் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைக்காமலே பார்த்தாள்.

பிளக்கைச் சொருகியதும் பெட்டி ஒரு சத்தம் போட்டு, புகை விட்டு, செத்துப்போனது. அந்த நாட்டுக் கரண்டு நம் கரண்டில் பாதிதானாம். எலெக்ட்ரீஷியன் வந்து பெட்டியை முகர்ந்து பார்த்து, இதை அடக்கம் பண்ணிவிடலாம் என்றார். மனிதன் அசருவானா? இன்னொன்றை வரவழைத்தான். கரண்டைக் குறைக்க அதைவிடப் பெரிய பெட்டி ஒன்று தனியாக வந்தது. அடுத்து, அதன் வால்வு மரை நம் குழாய் மரையில் ஏறவில்லை. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிச் சுற்றி, கடைசியில் அந்த வால்வு கட்டுப்போட்ட முழங்கால் மாதிரி ஆகிவிட்டது. நம் நாட்டில் அதன் ஆப் கிடையாது என்றது போன். உடனே செட்டிங்கில் நாட்டை மாற்றி, போனையே அங்கே குடியேற்றிவிட்டான். அதற்கப்புறம் அவன் போனில் அந்த ஊர்ப் பல் டாக்டர் விளம்பரங்களாக வந்து விழுந்தன.

எல்லாம் முடிந்து, எந்த ஊர் என்று பெட்டி கேட்டது. நம் பின்கோடைப் போட்டால் அப்படி ஓர் ஊரே இல்லை என்று சாதித்தது. இவன் என்ன செய்தான் தெரியுமா? அட்டையில் அனுப்பியவர் முகவரியில் இருந்த பின்கோடைப் போட்டான். பெட்டி சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. அந்த நொடியிலிருந்து பெட்டியைப் பொறுத்தவரை நர்சரி இருந்தது அந்தக் குளிர் தேசத்தில்தான். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் என்று வைத்தான். அங்கே ஆறு அடிக்கும்போது இங்கே நல்ல மத்தியானம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை குனிந்து குரோட்டன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது நாலு பக்கத்திலும் அவன் பதித்திருந்த தெளிப்பான்களிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. அந்தம்மா என் வீட்டில் வந்து புடவையைப் பிழிந்தார். மணியைத் திருத்தினான். அடுத்த வாரம் அங்கே மழையாம். அதனால் இங்கே தண்ணீர் கிடையாது என்றது பெட்டி. அதற்கும் அடுத்த வாரம்தான் உச்சம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில், போனில் செய்தி வருகிறது: உறைபனி அபாயம், குழாய்கள் வெடிக்காமலிருக்கத் தண்ணீரை நிறுத்திவிட்டோம். பார்சல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட அதை எனக்குப் படித்துக் காட்டினான். எனக்குச் சிரித்துச் சிரித்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அவன் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

கம்பெனிக்கு எழுதினான். உங்கள் நாட்டில் எங்கள் சேவை கிடையாது, எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு மிக்க நன்றி என்று பதில் வந்தது. எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் பார் என்று அதற்கும் பூரித்துப்போனான்.

பெட்டியைக் கழற்றி எறிந்திருக்கலாம். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவன். நம் ஊர் வெயிலும் நம் ஊர்க் காற்றும் உள்ள ஓர் ஊர் அந்த நாட்டில் இல்லாமலா போகும் என்று கிளம்பினான். ஒவ்வொரு பின்கோடாகப் போட்டுப் பார்த்தான். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துக் கடைசியில் கண்டுபிடித்தும்விட்டான். கடலோரத்தில் ஏதோ ஓர் ஊர். இங்கே கொளுத்தினால் அங்கேயும் கொளுத்துகிறது. பெட்டியும் ஒழுங்காகத் தண்ணீர் விட ஆரம்பித்தது.

அப்புறம் அந்த ஊர் அவனுக்கு 'நம்மூர்' ஆகிவிட்டது. நம்மூரில் பாலத்தை மூடிவிட்டார்களாம், நம்மூர் நூலகத்துக்கு வர்ணம் அடிக்கிறார்களாம் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சேதி வந்துகொண்டே இருக்கும். இந்தத் தெருவில் யார் வீடு மாறிப் போனார்கள் என்று கேட்டால் விழிப்பான்.

சில வாரம் பெட்டி தகராறு பண்ணவில்லை என்றதும் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டார்கள். ஒரு வாரப் பயணம். குழந்தைக்குத் தைத்த சட்டைகளைக் கொடுத்து வழியனுப்ப நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தம்பி பெண்டாட்டி தலை வாரி, புதுச் செருப்பு போட்டு, சின்னப்பெண் மாதிரி நின்றாள். பைகளை ஏற்றியாயிற்று. அப்போது அவன் போன் கத்தியது.

அவனுடைய கடலோர 'நம்மூரை'ப் புயல் நெருங்குகிறதாம். அதனால் வாரம் முழுக்கத் தண்ணீர் கிடையாதாம். அவன் எதையெதையோ அமுக்கிப் பார்த்தான். எச்சரிக்கையை வாபஸ் வாங்கும்வரை திறக்க மாட்டேன் என்று பெட்டி அங்கிருந்தே சொல்லிவிட்டது. நம் ஊர் வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. பார்சல் தன் பையை மட்டும் பஸ்ஸிலிருந்து கீழே இறக்கினான்.

"நீ போயிட்டு வா. நான் அடுத்த தடவை வரேன்" என்றான்.

அவள் சண்டை போடவில்லை. தன் பையையும் இறக்கினாள். புதுச் செருப்பைக் கழற்றி அதற்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா, நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு வாரம் நான் ஊத்த மாட்டேனா?" என்று பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரி கேட்டேன்.

தம்பி பெண்டாட்டி என் பக்கம் திரும்பினாள். "உங்களால முடியாதுன்னு சொல்லிட்டீங்களாமே அண்ணி. நான் எப்பக் கேட்டாலும் இவர் அதைத்தானே சொல்வாரு."

என்னை அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அடுத்த வீட்டிலேயே இருந்தும் நம்மை ஓர் உதவிக்குக் கூப்பிட மாட்டேன் என்கிறார்களே என்று நான் இத்தனை வருஷம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். கூடப் பிறந்தவனுக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாத கல்நெஞ்சுக்காரி என்று அவள் என்னை நினைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் இந்த மகராசன் வெளிநாட்டுப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறான்.

"ஏன்டா பொய் சொன்னே?" என்றேன்.

அவன் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றான். "உனக்கு முட்டி வலி இருக்கு அக்கா. கேட்டா நீ இல்லைன்னு சொல்ல மாட்டே. அதான் கேக்கலை."

அவனை அறைவதா அணைப்பதா என்று தெரியவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். இரண்டு பைகளையும் உள்ளே தூக்கிப் போட்டு, அவனையும் முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டேன். தம்பி பெண்டாட்டி படியில் நின்று என் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வந்தாள், அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

முதல் நாள் மூச்சுக்கு முந்நூறு தடவை போன் பண்ணினான். ரோஜாவுக்கு வேரில் விடு, இலையில் விடாதே. செம்பருத்திக்கு இரண்டு வாய்தான், அது அழுகிவிடும். குரோட்டன்ஸ் வாடின மாதிரி நடிக்கும், ஏமாறாதே. மறுநாளும் அப்படியே. "நம்மூர்ல மரமெல்லாம் சாஞ்சுடுச்சாம்" என்று நடுவில் ஒரு துக்கச் செய்தி வேறு. மூன்றாம் நாள் ஒரே ஒரு போன். நாலாம் நாள் காலையில் அவனிடமிருந்து சத்தமே இல்லை.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கையில் குழாயைப் பிடித்தபடி நானே கூப்பிட்டேன், அவன் போன் அணைந்திருந்தது. தம்பி பெண்டாட்டி போனுக்குப் போட்டேன், அவள் எடுத்தாள்.

"அவர் தூங்குறாரு அண்ணி. குழந்தை அவர் நெஞ்சு மேலேயே தூங்கிடுச்சு. நேத்து ராத்திரியே போனை அணைச்சு என்கிட்ட கொடுத்துட்டாரு." அவள் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "எழுப்பட்டுமா?"

வேண்டாம் என்றேன். நாளைக்கும் எழுப்பாதே என்றேன். போனை வைத்துவிட்டு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. குளிர்ந்த மாதிரி இருக்கிறதே என்று குனிந்து பார்த்தால், என் இரண்டு காலும் சேற்றில் நிற்க, ஒரு செம்பருத்தி பையோடு மிதந்துகொண்டிருந்தது.