அரை மணி நேரத்தில் தாய்மாமன்

ஈர உப்பின் வாசனை எங்கே அடித்தாலும் என் இடது புறங்கையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி வெயிலில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஓர் அம்மன் கோயிலில் கடி வாங்கிய கை அது.

அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண். கணவருக்கு உப்பளத்தில் வேலை. மூன்று வயது மகளுக்குக் காது குத்து என்று அம்மாவை போனில் அழைத்திருந்தாள். மூட்டுவலிக்கார அம்மா என்னை அனுப்பிவிட்டார். எனக்கோ அங்கே ஒரு முகமும் தெரியாது. சீர்த்தட்டை வைத்து, சாப்பிட்டு, அடுத்த புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

போனால், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை, ஊசியோடு ஆசாரி, எல்லாம் தயார். உட்கார வைக்க மாமன் மடிதான் இல்லை. குழந்தையின் தாய்க்கு உடன்பிறந்த ஆண் கிடையாது.

"நல்ல நேரம் போவுது. அவங்க பக்கம் யாரு வரப்போறாங்க? எங்க சித்தப்பா மடியில வச்சிக் குத்திடுங்க" என்றார் அவளுடைய நாத்தனார். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பிறந்த வீட்டுப் பக்கம் வெறுமை என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

அந்த நேரம் பார்த்துத் தட்டோடு போய் நின்றேன்.

"யாருங்க? என்ன முறை?" என்றார் கணவரின் அண்ணன்.

"கசின்" என்றேன்.

"கசின்னா? கட்டிக்கிற முறையா, கூடப் பொறந்த முறையா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது. ஐம்பது வயதாகியும் முறை சொல்லத் தெரியாமல், அம்மாவின் பெயரை மட்டும் சொன்னேன். குழந்தையின் தாய் நிமிர்ந்தாள். விரலை மடக்கினாள்.

"உங்க அம்மாவப் பெத்த ஆயா அக்கா. எங்க அம்மாவப் பெத்த ஆயா தங்கச்சி. அப்போ நம்ம அம்மாங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி முறை. அப்படின்னா நீங்க…" நாத்தனார் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "அண்ணி, பாருங்க! எங்க அண்ணன் வந்திருக்காரு!"

மறுநிமிடம், மாமனுக்கென்று மடித்து வைத்திருந்த பாய் விரிந்தது. என் தோளில் புதுத் துண்டு, மடியில் மருமகள். ஊசி இறங்கியதும் கத்திக்கொண்டே என் புறங்கையைக் கடித்தாள் பாருங்கள்!

"நல்லாக் கடிடி! இத்தினி வருஷம் எட்டிப் பார்க்காத மாமன்" என்று கைகொட்டிச் சிரித்தவர் வேறு யாருமல்ல, அதே நாத்தனார்தான்.

நான் பிடித்தது மாலை பஸ். எந்த ஊரைக் கடந்தாலும், இங்கேயும் ஒரு வீட்டில் எனக்கான பாய் மடித்தபடியே இருக்கிறதோ என்று ஜன்னல் வழியே இன்றும் தேடுகிறேன். அன்று பஸ் நகரும்போது, தங்கை ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்து சொன்னாள்:

"அண்ணா, ஆவணியில அடுத்தது பொறந்துடும். அதுக்கும் நீதான் மாமன், போன் நம்பர மாத்திடாத!"