யாரும் முதலில் எழும்பாத மேசை

மாமியின் கதிரைக்குப் பக்கத்தில், வருடத்தில் ஒரே ஒரு மாலை மட்டும், சில்லு வைத்த இரண்டு தட்டு மேசை ஒன்று வந்து நிற்கும். மற்ற நாட்களில் அது பல்கனிக் கதவோரம் பூச்சட்டிகளைச் சுமந்துகொண்டு கிடக்கும். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முந்திய நாள் பூச்சட்டிகள் கீழே இறங்கும். மேசை துடைக்கப்பட்டு வெள்ளைத் துணி போர்த்திக்கொள்ளும். மேல்தட்டில் மீன் சூப் பானை, பொரித்த மீன், உருளைக்கிழங்கு சாலட். கீழ்த்தட்டில் உப்பு, மேலதிகக் கரண்டிகள், கேக், தீப்பெட்டி, கைதுடைக்கும் தாள், யாருக்காவது தும்மல் வந்தால் என்று ஒரு கைக்குட்டைகூட இருக்கும். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே எட்டி எடுக்கத் தோதாக இருக்க வேண்டும். குண்டு போட வந்த பொம்பருக்குப் பயந்து பங்கருக்குள் ஓடின எங்கட சனம்கூட இவ்வளவு ஆயத்தத்தோடு போனதில்லை என்று நான் பகிடி விட்டிருக்கிறேன். மாமி சிரிக்கமாட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவரோடு பகிடி எடுபடாது.

மாமி என்றால் என் கணவரின் தாய். செக் நாட்டுக்காரி. அவருடைய ஊருக்குள் அந்நிய யுத்தத் தாங்கிகள் வந்த கோடைக்குப் பிறகு ஒரு சூட்கேசோடு வெளிக்கிட்டவர், ஒஸ்லோவில் இறங்கி, தையற்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, நோர்வேக்காரப் பேருந்துச் சாரதி ஒருவரைக் கட்டிக்கொண்டு, ரொம்சோஸ் அடுக்குமாடியில் குடியேறினார். அந்தச் சாரதி நான் மருமகளாக வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது இலையுதிர்காலம். ஹீட்டர்களின் மேல் பழைய பத்திரிகைகளை விரித்து, காட்டிலிருந்து பொறுக்கிவந்த காளான்களைச் சீவிக் காயப்போட்டிருந்தார். வீடு முழுவதும் மழை நனைத்த மண்ணின் மணம். கீழ்மாடித் தமிழ்க் குடும்பம் தாளித்த கறிவேப்பிலை வாசமும் படிக்கட்டு வழியாக ஏறிவந்து அதோடு கலந்தது. அடுப்பில் பாணுக்கும் பிட்டுக்கும் நடுவில் ஒரு சாமான் அவிந்துகொண்டிருந்தது. நீளமாக உருட்டி அவித்த அந்த மாவை அவர் கத்தியால் வெட்டவில்லை. தையல்நூலை அதன் அடியில் கொடுத்து, இரு முனையையும் மேலே குறுக்காக இழுத்து, துண்டு துண்டாக அறுத்தார். கத்தி பட்டால் அமுங்கிப்போகுமாம். இடியப்ப உரலோடு மல்லுக்கட்டும் பெண்களுக்கு மத்தியில் வளர்ந்தவள் நான். ஏதோ ஒரு விதத்தில் இவள் எங்கட ஆள்தான் என்று அப்போதே மனதுக்குள் முடிவுகட்டிவிட்டேன்.

நோர்வேயில் மாமியாரையும் பேர்சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நா எழவில்லை. “மாமி” என்றே கூப்பிட்டேன். அவர் ஒருகணம் திகைத்து நின்றார். அவருடைய ஊரில் பிள்ளைகள் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்; சொந்த மகனே நோர்வேஜிய மொழியில் கூப்பிட்டு வளர்ந்ததால், அந்தச் சொல்லை யாரும் தன்னை நோக்கிச் சொல்லிக் கேட்டதில்லை என்றார். அதன் பிறகு எனக்கு அந்த வீட்டில் எதற்கும் தடையிருக்கவில்லை.

கலியாணமான முதல் நத்தார் மாலையில்தான் நான் அந்தப் பிழையை விட்டேன். எங்கள் வீடு தீவுப்பகுதிக் கத்தோலிக்க வீடு. நத்தார் எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா மேசையில் இருந்து சாப்பிட்டதை நான் கண்டது அருமை. மற்றவர்கள் தின்று முடிக்கும்வரை கையில் அகப்பையோடு நிற்பவள் அவள். அதையே பார்த்து வளர்ந்த எனக்கு, கணவரின் தட்டில் சாலட் முடிந்ததைக் கண்டதும் கால் தானாக எழும்பிவிட்டது. கிண்ணத்தை எடுக்கப் போனேன். அடுத்த கணம் மாமியும் கணவரும் விசுக்கென்று எழும்பி நின்றார்கள். கதிரைகள் நிலத்தில் கிறீச்சிட்டன. புதுப் பெண்ணுக்கு மரியாதை செய்கிறார்களாக்கும், பங்குச் சுவாமியார் வந்தால் நாங்கள் எழும்புவதுபோல் என்று நினைத்து, நான் வெட்கத்தோடு “இருங்கோ, இருங்கோ” என்றேன். மாமியின் முகம் சுண்ணாம்பாக வெளிறிப்போயிருந்தது.

பிறகுதான் சொன்னார். அந்த இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் தின்று முடிக்குமுன் மேசையைவிட்டு எவர் முதலில் எழும்புகிறாரோ, அவர் அடுத்த நத்தாரைக் காணமாட்டார் என்பது அவர்களுடைய ஊர் நம்பிக்கை. எழும்பத்தான் வேண்டுமென்றால் எல்லோரும் ஒன்றாக எழும்ப வேண்டும். அப்போது சாவுக்கு ஆள் தெரியாது. தன்னுடைய இளவயதில் கதவுமணி அடித்தபோது தம்பி ஓடிப்போய்த் திறந்ததையும், அடுத்த கோடையில் அவன் மோட்டார் சைக்கிளில் போய் மரத்தோடு மோதியதையும் உணர்ச்சியில்லாத குரலில் சொன்னார். நான் தாதி. சாவு எப்படி வருகிறது என்று வேலையில் தினமும் பார்க்கிறவள். இருந்தாலும் அதற்குப் பிறகு அந்த மேசையில் நான் முதலில் எழும்பியதில்லை. நம்பிக்கை பொய்யாக இருக்கலாம், தம்பி பொய்யில்லையே.

அம்மா இறந்த பிறகு அப்பாவும் எங்கள் நத்தார் மேசைக்கு வந்து சேர்ந்தார். நோர்வேயின் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் ஆயுளில் பாதியைக் குளிரில் நின்று கழித்தவர். மாமிக்கு ஊரில் நத்தாருக்கு ஆற்றுமீன்தான். அது இங்கே கடையில் கிடைக்காது என்று கேள்விப்பட்டு, வடக்கிலிருந்து தலையோடும் வாலோடும் ஒரு முழு தொர்ஸ்க் மீனை ஐஸ்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டுபேரும் தங்களுடைய உடைந்த நோர்வேஜிய மொழியில் அந்த மீனைச் சுற்றி நின்று நெடுநேரம் கதைத்தார்கள். யாரும் முதலில் எழும்பக்கூடாது என்ற மேசைச் சட்டத்தை நான் விளக்கியபோது அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “பிள்ளை, எங்கட வீட்டிலை இப்பிடி ஒரு சட்டம் இருந்திருந்தால் கொம்மாவும் ஒரு நாளாவது சுடச்சுடச் சாப்பிட்டிருப்பாள்” என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். மாமி கைநீட்டி அப்பாவின் தட்டில் இன்னொரு மீன்துண்டு வைத்தார். எனக்கு அழுகை வந்தது.

அப்படியே வருடங்கள் ஓடின. மகள் பிறந்து, பாட்டியைச் செக் மொழியில் ‘பாபி’ என்று கூப்பிட்டு, அவரைச் சுற்றிவந்து வளர்ந்தாள். மாமிக்கு வயது ஏறியது, இதயம் தளர்ந்தது. படியேறினால் மூச்சு வாங்கும். ஆனாலும் நத்தார்ச் சமையலை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய மார்கழியில் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு புதுவருடத்துக்குப் பிறகுதான் வரும். கணவருக்கு மட்டும் சொன்னேன். அப்பாவுக்கும் மகளுக்கும் சொல்லவில்லை; நத்தாராவது நத்தாராக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் பிறைவடிவ பிஸ்கட் சுட மாமிக்கு ஒத்தாசைக்குப் போன நான் ஒரு தட்டு முழுவதையும் கருக்கிவிட்டேன். மாமி அடுப்பை நிறுத்தினார். ஏசவில்லை. எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, என் முகத்தையே பார்த்தார். சொல்லிவிட்டேன். “எப்போது தெரியும்?” என்றார். “புதுவருடத்துக்குப் பிறகு.” தலையாட்டினார். பிறகு எழும்பி மறுபடியும் மாவைப் பிசையத் தொடங்கினார். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்கு மனத்தாங்கல்கூட வந்தது.

அந்த மாலை நாங்கள் ஐந்துபேர் மேசையில். சூப் முடிந்து மீன் பரிமாறப்பட்டு, எல்லோருடைய தட்டிலும் பாதி இருந்தது. அப்பா ஏதோ கடல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மாமி கரண்டியை வைத்தார். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, மெதுவாக எழும்பினார். கணவர் பதறிக்கொண்டு தானும் எழும்பப்போனார், நானும்தான். மாமி மகனின் தோளில் கைவைத்து அழுத்தினார். “இரு” என்றார். “எல்லாரும் இருங்கள்.” அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். யாராலும் அசைய முடியவில்லை. மேசையைச் சுற்றி, சுவரைப் பிடித்துப் பிடித்து, சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பிவந்தார். கையில் ஒன்றுமில்லை. எடுத்துவர அங்கே ஒன்றும் இருக்கவுமில்லை. எல்லாந்தான் அவர் பக்கத்தில் இருந்ததே. கதிரையில் இருந்து மூச்சு வாங்கியபின் என்னைப் பார்த்து, “சாப்பிடு, ஆறுகிறது” என்றார்.

“ஏன் மனுசி தன்ரை சட்டத்தைத் தானே முறிச்சது?” என்று அப்பா என் காதில் கேட்டார். வயசு போனால் மறதி வரும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தை மாதத்தில் முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் நேரத்தோடு பிடித்துவிட்டார்கள். வெட்டி எடுத்து, மருந்தேற்றி, முடி கொட்டி, கோடைக்குள் ஒருவாறு எழும்பிவிட்டேன். மருந்தேற்றிய நாட்களில் மாமி தன் இளைப்போடு பேருந்து பிடித்து, எங்கள் வீட்டுக்கு சூப் கொண்டுவந்து தந்தார். அந்த மாலையைப் பற்றி நான் ஒருமுறை வாயெடுத்தேன். “சூப்பைக் குடி” என்றார். இலையுதிர்காலத்தில், ஹீட்டர்களின் மேல் காளான்கள் காய்ந்துகொண்டிருந்தபோது, நித்திரையிலேயே இறந்துபோனார்.

இதயம் என்றார் வைத்தியர். நானும் அதைத்தான் நம்புகிறேன். அவர் எழும்பாமல் இருந்திருந்தாலும் அந்த இதயம் நின்றுதான் இருக்கும்; அவர் எழும்பியிருந்தாலும் கத்தியும் மருந்தும் இல்லாமல் நான் பிழைத்திருக்கமாட்டேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மாமிக்குத் தெரிந்தது வேறு. அவருடைய கணக்கில் அந்த வருடம் அந்த மேசையிலிருந்து ஓர் ஆள் போகவேண்டியிருந்தது. அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பேனா? செமக்காலையில் அவரை அடக்கம் பண்ணி நின்றபோது எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் கூட. உயிரோடிருப்பதற்கு ஒருவரிடம் நன்றி சொல்ல முடியாமற்போவது எவ்வளவு பெரிய பாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன நத்தாருக்கு மேசை எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமியின் சாலட்டை நான் செய்தேன், கொஞ்சம் புளித்துவிட்டது. எல்லாவற்றையும் கைக்கெட்ட அடுக்கினேன், தண்ணீரை மட்டும் மறந்துவிட்டேன். அப்பாவுக்குப் பாதிச் சாப்பாட்டில் புரையேறியது. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட இருமினார். மகள் கதிரையைப் பின்னால் தள்ளினாள்.

“இரு!” என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“அம்மா, அம்மப்பாவுக்குத் தண்ணி வேணும்!”

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு எழும்பாமலே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் சேர்ந்து” என்றார். நாலுபேரும் ஒன்றாக எழும்பினோம். இருமுகிற கிழவனை நடுவில் தாங்கிக்கொண்டு, ஒரு கிளாஸ் தண்ணீருக்காக நாலுபேரும் அந்த ஒடுங்கிய சமையலறைக்குள் நெரிபட்டுப் போனோம். மகள் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தாள். அப்பா குடித்தார். இருமல் அடங்கியது. ஆனாலும் யாரும் மேசைக்குத் திரும்பவில்லை. கிளாசைக் கழுவி வைத்த மகள், குழாயை மூடாமல் நின்றபடியே கேட்டாள்.

“பாபி அண்டைக்குத் தனியத்தான் போனவ, என்னம்மா?”

“ஓம்” என்றேன். “தனியத்தான் போனவ.”